சோயா மீட்டும் மார்பகப் புற்றுநோயும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மீனும் கோழியும் எட்டாத நாட்களில் லயத்து அடுப்பில் ஏறுவது பெரும்பாலும் சோயா மீட்தான். அதே சோயா மீட்டைப் பற்றித்தான் "பெண் ஹோர்மோன் இருக்கிறதாம், மார்பில் கட்டி வருமாம்" என்ற பேச்சு கிளினிக் வாங்குகளிலும் வட்ஸ்அப் குரல்பதிவுகளிலும் சுற்றுகிறது. சாப்பிடலாமா என்று மட்டும் தெரிந்தால் போதும் என்பவர்களுக்குப் பதில்: தாராளமாகச் சாப்பிடலாம். எவ்வளவு, எப்படிச் சமைத்து, யார் எதில் கவனமாக இருந்து என்பதெல்லாம் கீழே.

சோயாவில் பெண் ஹோர்மோன் உண்மையிலேயே இருக்கிறதா?

இல்லை. பெண்ணுடலில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் சோயாவில் கிடையாது. இருப்பவை ஐசோபிளேவோன் எனப்படும் தாவரச் சேர்மங்கள். ஜெனிஸ்டீன், டெய்ட்சீன், கிளைசிட்டீன் என மூன்று வகை. இவற்றின் வடிவம் ஈஸ்ட்ரோஜனை ஓரளவு ஒத்திருப்பதால், கலங்களில் ஈஸ்ட்ரோஜன் போய் ஒட்டும் ஏற்பிகளில் இவையும் ஒட்டுகின்றன. குழப்பம் தொடங்கியது இங்கேதான்.

அந்த ஏற்பிகளில் இரண்டு வகை உண்டு: அல்பா, பீட்டா. மார்பகக் கலங்களைப் பெருகச் சொல்லித் தூண்டுவது முக்கியமாக அல்பா. பீட்டா பல இடங்களில் அந்தத் தூண்டலை அடக்கும். உடலின் சொந்த ஈஸ்ட்ரோஜன் இரண்டிலும் நன்றாக ஒட்டும். ஜெனிஸ்டீனோ பீட்டாவையே பெரிதும் நாடுகிறது. அல்பாவில் அதன் பிடி மிகத் தளர்வு. ஆகவே "ஈஸ்ட்ரோஜன் மாதிரி" என்பதை வைத்து "ஈஸ்ட்ரோஜன் செய்வதை எல்லாம் இதுவும் செய்யும்" என்று முடிவு கட்ட முடியாது. சோயா சாப்பிட்ட பெண்களின் இரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் அளவை அளந்து பார்த்த ஆய்வுகளைத் தொகுத்தபோது, குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் தென்படவில்லை.

இன்னொரு விடயம்: டெய்ட்சீனைச் சிலரின் குடல் பக்டீரியா ஈக்குவோல் என்ற வேறொரு பொருளாக மாற்றும். எல்லோருடைய குடலும் அதைச் செய்வதில்லை. ஒரே சட்டிக் கறியைச் சாப்பிட்ட இரண்டு பேரின் உடலில் விளைவு ஒன்றாக இல்லாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எலிகளுக்குக் கொடுத்தபோது கட்டி வளர்ந்ததாகச் சொல்கிறார்களே?

உண்மைதான். 1990களின் இறுதியில் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் செய்த சோதனைகள் அவை. சூலகம் அகற்றப்பட்ட, நோயெதிர்ப்பு குன்றிய சுண்டெலிகளுக்குள் மனித மார்பகப் புற்றுநோய்க் கலங்களை வைத்து, ஜெனிஸ்டீன் கொடுத்தார்கள். கட்டிகள் வளர்ந்தன. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் சோயாவைத் தொடவே கூடாது என்ற அறிவுரை உலகம் முழுக்கப் பரவியதற்கு இந்தச் சோதனைகள் பெரிய காரணம்.

பிறகு தெரிய வந்தது: சுண்டெலியும் எலியும் ஜெனிஸ்டீனைக் கையாளும் விதம் வேறு, மனிதர் கையாளும் விதம் வேறு. நம் குடலும் ஈரலும் ஜெனிஸ்டீனின் பெரும்பகுதியை வேறு மூலக்கூறுகளோடு பிணைத்துச் செயலற்றதாக்கிவிடும். அந்தப் பிராணிகளின் இரத்தத்தில் பிணைக்கப்படாத, செயல்படும் ஜெனிஸ்டீன் பல மடங்கு அதிகமாக ஓடுகிறது. அதோடு, அவற்றுக்குக் கொடுக்கப்பட்டது பிரித்தெடுத்த ஜெனிஸ்டீன். தட்டில் விழும் சோயாக் கறி அல்ல.

அப்படியானால் மனிதரிடம் என்ன கண்டார்கள்?

சோயாவை நாளாந்த உணவாகச் சாப்பிடும் பெண்கள் சீனாவில் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். அதனால் வலுவான விடைகள் அங்கிருந்து வந்தன. சாங்காயில் மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற 5,042 பெண்களைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2009இல் வெளியானது. சோயா மிகக் குறைவாகச் சாப்பிட்டவர்களோடு ஒப்பிட்டால், மிக அதிகமாகச் சாப்பிட்டவர்களிடையே இறப்பு 29 சதவீதமும் நோய் திரும்புவது 32 சதவீதமும் குறைவு. நாளொன்றுக்கு 11 கிராம் சோயாப் புரதம் வரை இந்தப் பயன் கூடிக்கொண்டு போனது. அதற்கு மேல் கூடுதல் பயன் இல்லை.

2012இல் அமெரிக்காவையும் சீனாவையும் சேர்ந்த 9,514 பெண்களின் தரவுகளை ஒன்றாக்கிப் பார்த்தார்கள். நாளுக்கு 10 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் ஐசோபிளேவோன் உணவில் பெற்றவர்களுக்கு நோய் திரும்புவது சுமார் 25 சதவீதம் குறைவு. 2017இல் அமெரிக்கா, கனடாவில் 6,235 பெண்களிடம் செய்த ஆய்விலும் அதிகம் சாப்பிட்டவர்களிடையே இறப்பு குறைவாகவே இருந்தது. அந்தப் பயன் முக்கியமாக ஹோர்மோன் ஏற்பி இல்லாத வகைக் கட்டி உள்ளவர்களிடம் தெரிந்தது.

நோய் வராத பெண்களிடம் படம் இவ்வளவு தெளிவு இல்லை. 2008இல் ஆசியப் பெண்கள் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்தபோது, நாளுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் பெற்றவர்களுக்கு ஆபத்து ஏறத்தாழ 29 சதவீதம் குறைவு என்று வந்தது. 2020இல் வெளியான, மூன்று இலட்சம் சீனப் பெண்களைப் பின்தொடர்ந்த ஆய்விலோ குறிப்பிடத்தக்க வித்தியாசம் காணப்படவில்லை. ஆபத்து கூடியதாக இந்தப் பெரிய ஆய்வுகளில் எதுவும் சொல்லவில்லை என்பதே கவனிக்க வேண்டியது.

இந்த எண்களை அளவுக்கு மீறி நம்பவும் வேண்டாம். இவை எல்லாம் பெண்கள் தாங்களாகச் சாப்பிட்டதைக் கேட்டுப் பதிந்தவை. சோயா அதிகம் சாப்பிடுபவர் மரக்கறியும் அதிகம் சாப்பிடலாம், அதிகம் நடக்கலாம், நேரத்துக்கு வைத்தியரிடம் போகலாம். கணக்கில் சரிசெய்தாலும் முழுக்கச் சரியாகாது. சோயா மருந்து என்று இவை நிரூபிக்கவில்லை. உணவாகச் சாப்பிட்டால் கேடு செய்வதாகக் காணவில்லை என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

ஒரு நாளைக்கு எவ்வளவு சாப்பிடலாம்?

ஒரு வேளை அல்லது இரு வேளை. ஒரு வேளை என்பது சுமார் 25 மில்லிகிராம் ஐசோபிளேவோன் தரும் அளவு.

கடையில் வாங்கும் உலர்ந்த சோயா மீட்டில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 150 மில்லிகிராம் வரை இருக்கும். 90 கிராம் பக்கெட் ஒன்றை நான்கு பேர் பகிர்ந்தால் ஆளுக்கு 20 கிராம் சொச்சம். அதாவது அதிகபட்சம் 34 மில்லிகிராம் அளவில் ஐசோபிளேவோனும் சுமார் 11 கிராம் புரதமும். ஒரு முட்டையின் புரதம் 6 கிராம்தான் என்பதை நினைவில் வைத்தால் இதன் பெறுமதி புரியும். ஊறவைத்துப் பிழியும்போது ஐசோபிளேவோனில் ஒரு பங்கு தண்ணீரோடு போய்விடும். தயாரிக்கும் முறையைப் பொறுத்தும் அளவு மாறும். அற்ககோலால் கழுவி எடுத்த சோயாப் புரதத்தில் மிகக் குறைவு.

ஒரு கோப்பை சோயாப்பாலில் சுமார் 25 மில்லிகிராம். டோஃபு 100 கிராமில் 20 முதல் 30. அவித்த சோயா விதை 100 கிராமில் 60க்குச் சற்று மேல். பருப்பு, கடலை, பாசிப்பயறு, கௌபி ஆகியவற்றில் பேருக்குத்தான் இருக்கும்.

கிழமையில் மூன்று நாள் சோயா மீட் சமைக்கும் வீட்டில் யாரும் அளவைத் தாண்டப் போவதில்லை.

சோயா மீட்டில் கெடுதலே இல்லையா?

இருக்கிறது, ஆனால் அது ஐசோபிளேவோன் அல்ல, உப்பு. சுவையூட்டிய பக்கெட்டுகளில் உருண்டையிலும் உப்பு, கூட வரும் சிறு மசாலாப் பையிலும் உப்பு. அதற்கு மேல் கறிக்கும் போட்டால் பிரஷர் உள்ளவர்களுக்கு அதுதான் உண்மையான ஆபத்து.

கொதிநீரில் 10 நிமிடம் ஊறவிடுங்கள். உள்ளே கட்டியாக இருக்கிறதா என்று ஓர் உருண்டையைக் கிள்ளிப் பாருங்கள். நடுவில் வெள்ளையாக, உலர்ந்து இருந்தால் இன்னும் ஐந்து நிமிடம். வடித்து, பச்சைத் தண்ணீரில் அலசி, கைக்குள் வைத்து இறுக்கிப் பிழியுங்கள். முதல் தண்ணீர் மஞ்சளாக, நுரையோடு வரும். இரண்டாம் முறையும் அலசிப் பிழிந்தால் உப்பு இன்னும் குறையும், வயிற்றில் வாயு சேர்வதும் குறையும். மசாலாப் பையில் பாதியைப் போடுங்கள், அல்லது விட்டுவிட்டு வீட்டுத் தூளைப் போடுங்கள். உப்பைக் கடைசியில் ருசி பார்த்த பிறகு மட்டும். எண்ணெயில் கருகப் பொரித்து, கெட்டித் தேங்காய்ப்பாலில் போட்டு இறக்கினால் நல்ல புரதம் கொழுப்புக் கறியாகிவிடும். முதலில் கறியைக் கொதிக்கவைத்து, கடைசியில் இரண்டாம் பால் சேர்த்தால் போதும்.

வீட்டில் சோயாப்பால் எடுத்துக் குடித்தால் வயிறு உப்புகிறது, சிலவேளை வயிற்றோட்டம். ஏன்?

பெரும்பாலும் போதாத வேக்காடு. பச்சைச் சோயாவில் புரதம் செரிப்பதைத் தடுக்கும் ஒரு பொருள் உண்டு. டிரிப்சின் தடுப்பான் என்பார்கள். வெப்பம்தான் அதை அழிக்கும். மலைநாட்டில் இதில் ஒரு தனிச் சிக்கல்: உயரம் கூடக்கூடத் தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும். கண்டியில் 98 பாகை செல்சியஸ் அளவில், ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் 96 அளவில், 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் 94 அளவில். ஆகவே கொழும்புக்காரர் எழுதிய சமையல் குறிப்பில் உள்ள நேரம் இங்கே போதாது.

100 கிராம் விதையைக் கழுவி இரவே ஊறப்போடுங்கள். கீழ்நாட்டில் 8 மணித்தியாலம் போதும். நுவரெலியாக் குளிரில் 12 முதல் 14 வேண்டும். ஒரு விதையை இரண்டாகப் பிளந்து உள்முகத்தைப் பாருங்கள். தட்டையாக, ஒரே நிறமாக இருந்தால் ஊறிவிட்டது. நடுவில் குழியாக, மஞ்சள் கூடியிருந்தால் இன்னும் விடுங்கள். ஊறிய தண்ணீரைக் கொட்டி, தோலைத் தேய்த்து நீக்கி, 800 மில்லிலீற்றர் நன்றாகச் சூடான தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு அரையுங்கள். குளிர்ந்த தண்ணீரில் அரைத்தால் பச்சை வாடை வரும். அந்த வாடையை உண்டாக்கும் நொதியைச் சூடு முடக்கிவிடும். துணியில் வடித்து, அகன்ற சட்டியில் கிண்டிக்கொண்டே காய்ச்சுங்கள்.

பால் கொதிக்கும் முன்பே நுரைத்துப் பொங்கும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள்: பொங்கியதைக் கொதித்ததாக எண்ணி இறக்கிவிடுவார்கள். அடுப்பைத் தணித்து, நுரை அடங்கி, அடியிலிருந்து குமிழி வரத் தொடங்கிய பிறகு கணக்கிட்டு, கண்டியில் 20 நிமிடம், ஹட்டன், நுவரெலியாப் பக்கம் 25 முதல் 30 நிமிடம். முழு விதையை அவிப்பதானால் ஊறவைத்த பின் பிரஷர் குக்கரே நல்லது. மலைநாட்டில் திறந்த சட்டியில் வைத்தால் விறகுதான் வீணாகும்.

திரிபோஷ மாவிலும் சோயா இருக்கிறதே, கர்ப்பிணிகள் குடிக்கலாமா?

குடிக்க வேண்டும். 1970களிலிருந்து நம் தாய்மாருக்கும் எடை குறைந்த பிள்ளைகளுக்கும் கொடுக்கப்படும் சத்துமா அது. சோளமும் சோயாவும் முக்கியப் பொருட்கள், கூடவே விற்றமின்களும் கனியுப்புகளும். ஒருவருக்கு நாளுக்கு 50 கிராம் என்பது கணக்கு. ஐசோபிளேவோனுக்குப் பயந்து அதை ஒதுக்கினால் தாய்க்கும் சிசுவுக்கும் நஷ்டம். தாய்க்கென்று தந்த பக்கெட்டை வீடு முழுக்கப் பகிர்ந்து, தாய்க்கு ஒரு பிடிகூட மிஞ்சாமல் போவதுதான் கவலைப்பட வேண்டியது.

சிறு பிள்ளைகளுக்கும் ஆண்களுக்கும்?

சிறுவயதிலும் பதின்ம வயதிலும் சோயா சாப்பிட்ட பெண்களுக்குப் பிற்காலத்தில் மார்பகப் புற்றுநோய் குறைவாகக் காணப்பட்டதாக ஆசியப் பெண்களிடம் செய்த ஆய்வுகள் சொல்கின்றன. மகளுக்குப் பயந்து ஒதுக்க வேண்டாம். ஆண்களைப் பொறுத்தவரை, சோயா உணவால் ஆண் ஹோர்மோன் குறைவதாக 2010இல் தொகுக்கப்பட்ட ஆய்வுகளில் காணப்படவில்லை. சோயா ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு மட்டும் அறவே கூடாது.

அக்காவுக்கு மார்பில் சத்திரசிகிச்சை முடிந்து டமொக்சிபென் (மார்பகத்தில் ஈஸ்ட்ரோஜனின் வேலையைத் தடுக்கும் குளிசை) குடிக்கிறார். சோயா மீட் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். மேலே சொன்ன சாங்காய் ஆய்வில் டமொக்சிபென் குடித்தவர்களும் குடிக்காதவர்களும் இருந்தார்கள். இரு சாராரிடமும் சோயா உணவு கேடு செய்யவில்லை. சுண்டெலிகளில் ஜெனிஸ்டீன் டமொக்சிபென்னின் வேலையைக் கெடுத்ததாக வந்த முடிவு மனிதரிடம் தென்படவில்லை. அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கமும் சோயா உணவு பாதுகாப்பானது என்றே சொல்கிறது.

கீமோ நடக்கும் நாட்களில் உடல் எடையும் தசையும் கரையும்போது புரதம் மிக அவசியம். இறைச்சி வாடை குமட்டுகிறது என்று தட்டைத் தள்ளிவிடும் நோயாளிக்கு, காரம் குறைத்த சோயா மீட் சொதியோ நன்றாகக் காய்ச்சிய சோயாப்பாலோ கைகொடுக்கும். வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் அப்போது சமைத்ததைச் சூடாகக் கொடுங்கள். காலையில் வைத்ததை இரவுக்கு வேண்டாம்.

பாமசியில் விற்கும் சோயாக் குளிசைகள்?

இது வேறு விடயம். மாதவிடாய் நிற்கும் வயதில் வரும் உடல் கொதிப்புக்கென்று ஐசோபிளேவோனைப் பிரித்தெடுத்துக் குளிசையாக விற்கிறார்கள். ஒன்றிலேயே இரண்டு மூன்று வேளை உணவின் அளவு இருக்கலாம். மாதவிடாய் நிற்கும் பருவத்திலும் அதற்குப் பிறகும் உள்ள, நோயற்ற பெண்களில் நாளுக்கு 35 முதல் 150 மில்லிகிராம் வரையான குளிசைகளால் மார்பகத்துக்குத் தீங்கு தெரியவில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் அறிவித்தது. அது புற்றுநோய் வந்தவர்களைப் பற்றியது அல்ல.

2014இல் வெளியான ஒரு பரிசோதனையில், மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்ட பெண்களுக்குச் சத்திரசிகிச்சைக்கு முன் சில நாட்கள் செறிவான சோயாப் புரதப் பவுடர் கொடுத்தார்கள். கட்டிக் கலங்கள் பெருகும் வேகம் கூடவில்லை. ஆனால் இரத்தத்தில் ஜெனிஸ்டீன் மிக உயர்ந்த சிலரிடம், கல வளர்ச்சியோடு தொடர்புடைய மரபணுக்கள் கூடுதலாகச் செயல்பட்டன. இந்த ஒன்றே போதும்: மார்பகப் புற்றுநோய் வந்தவர், அதுவும் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ள வகை என்று அறிக்கையில் எழுதப்பட்டவர், குளிசையாகவோ செறிவான பவுடராகவோ எடுக்க வேண்டாம். ஏற்கெனவே குடித்துக்கொண்டிருந்தால் அந்தப் போத்தலை அடுத்த கிளினிக்குக்குக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.

சோயா சோஸ், சோயா எண்ணெய், பிஸ்கட்டில் வரும் லெசித்தின்?

எண்ணெயில் ஐசோபிளேவோன் கிடையாது. மற்ற இரண்டிலும் கணக்கில் சேராத அளவு. சோஸில் உப்பைப் பாருங்கள்.

தைரொய்ட் குளிசை குடிப்பவர்கள்?

சோயா, தைரொக்சின் குளிசை குடலில் உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். குளிசையை விடிய வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும் குடியுங்கள். சோயா உணவுக்கு 4 மணித்தியால இடைவெளி விடுங்கள். காலையில் சோயாப்பால் பழக்கம் உள்ளவர் அதைப் பின்னேரத்துக்கு மாற்றினால் சரி.

இரத்தம் குறைவு என்று மிஸ்ஸி இரும்புக் குளிசை தந்திருக்கிறார். சோயா சாப்பிடலாமா?

சாப்பிடலாம், நேரம் பிரித்து. சோயாவில் உள்ள பைட்டேட் என்ற பொருள் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதைவிடப் பெரிய தடை சாப்பாட்டோடு குடிக்கும் சாயத்தண்ணி. தாவர உணவிலிருந்து கிடைக்கும் இரும்பை அது பாதிக்கு மேல் தடுத்துவிடும். மலைக்குக் கொண்டுபோகும் ரொட்டியும் சோயாக் கறியும் போத்தல் தேத்தண்ணியோடு ஒன்றாக இறங்கும்போது இரும்பு வீணாகிறது. சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துத் தேத்தண்ணி குடியுங்கள். கறியை இறக்கிய பிறகு தேசிக்காய் பிழிந்து விடுங்கள், அல்லது ஒரு கொய்யாப்பழம் சாப்பிடுங்கள்.

சோயா சாப்பிட்டால் புற்றுநோய் வராமல் தடுக்கலாமா?

அப்படி நம்பி இருந்துவிட வேண்டாம். வயது, குடும்பத்தில் தாய்க்கோ சகோதரிக்கோ இளம் வயதில் வந்திருப்பது, மாதவிடாய் நின்ற பின் கூடும் எடை, மதுபானம், நீண்டகால ஹோர்மோன் சிகிச்சை இவையே ஆபத்தைக் கூட்டும் முக்கிய காரணங்கள். மதுவில் கசிப்பு, சாராயம், பியர் என்ற பேதம் இல்லை. தாய்ப்பால் கொடுப்பது பாதுகாப்பு: மொத்தமாகக் கொடுத்த ஒவ்வொரு 12 மாதத்துக்கும் ஆபத்து 4 சதவீதம் அளவில் குறைவதாக 2002இல் 30 நாடுகளின் தரவுகள் காட்டின. சோயாவுக்குப் பயப்படுகிற அதே வாயில் புகையிலை போட்ட வெற்றிலை இருப்பதையும் சொல்லாமல் விட முடியாது. வாய்ப் புற்றுநோய்க்கு அது நிரூபணமான காரணம்.

மார்பில் கட்டி மாதிரித் தட்டுப்படுகிறது. சோயாவை நிறுத்தினால் கரையுமா?

கரையாது. கட்டி சோயாவால் வந்ததும் அல்ல. நிறுத்திப் பார்ப்போம், எண்ணெய் பூசிப் பார்ப்போம் என்று போகும் மாதங்கள்தான் உயிரைக் கொண்டுபோகும். பெரும்பாலான கட்டிகள் புற்றுநோய் அல்ல. எது எது என்பதைக் கையால் தடவி வீட்டில் தீர்மானிக்க முடியாது.

மாதவிடாய் தொடங்கி 7 முதல் 10 நாளுக்குள், மாதவிடாய் நின்றவர்கள் மாதத்தில் ஏதோ ஒரு குறித்த நாளில், கண்ணாடி முன் நின்று கைகளைத் தொங்கவிட்டும் உயர்த்தியும் இரு மார்பையும் பாருங்கள். பிறகு நடு மூன்று விரல்களின் தசைப்பகுதியால் சிறு வட்டங்களாக அழுத்தி, காறை எலும்பிலிருந்து மார்பின் கீழ் மடிப்பு வரை, அக்குள் உட்படத் தடவுங்கள். புதிய கட்டி, தோல் உள்ளிழுத்துக் குழி விழுவது, தோல் தோடம்பழத் தோல்போல் தடிப்பது, காம்பு புதிதாக உள்ளே போவது, இரத்தம் கலந்த கசிவு, ஒரு பக்கக் காம்பில் மட்டும் ஆறாத புண், அக்குளில் கட்டி இவற்றில் ஒன்று இருந்தாலும் போக வேண்டும். வலி இல்லை என்பதால் தள்ளிப்போட வேண்டாம். தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது.

முதலில் போக வேண்டிய இடம் உங்கள் பகுதி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் சுகவனிதையர் கிளினிக். எந்த நாளில் நடக்கிறது என்பது தோட்டத்து மிட்வைஃபுக்குத் தெரியும். கட்டணம் இல்லை. கட்டி எதுவும் இல்லாவிட்டாலும் 20 முதல் 40 வயது வரை மூன்று வருடத்துக்கு ஒருமுறையும், 40க்குப் பிறகு வருடம் ஒருமுறையும் மார்பைக் காட்ட வேண்டும். ஒரு நாள் பேர் போய்விடும் என்ற தயக்கம் புரிகிறது. கட்டி சிறிதாக இருக்கும்போது போனால் சிகிச்சையும் சுருங்கும், இழக்கும் நாட்களும் குறையும்.

அங்கிருந்து அனுப்பினால் ஆதார வைத்தியசாலையிலோ கண்டி, பதுளை, நுவரெலியா பெரிய வைத்தியசாலைகளிலோ வைத்தியர் தொட்டுப் பார்ப்பது, ஸ்கேன் அல்லது மெமோகிராம் (மார்பக எக்ஸ்ரே), ஊசியால் சதைத் துண்டு எடுப்பது என மூன்றும் நடக்கும். ஊசி குத்தினால் புற்றுநோய் பரவும் என்ற பயம் வேண்டாம். அது இல்லாமல் எந்த வகைக் கட்டி, ஹோர்மோன் ஏற்பி உண்டா இல்லையா என்பது தெரியாது, சரியான மருந்தும் தொடங்க முடியாது. போகும்போது கிளினிக் கொப்பி, பழைய ஸ்கேன் அறிக்கைகள், குடிக்கும் எல்லாக் குளிசைகளின் உறைகள், நாட்டு மருந்துப் போத்தல் உட்பட எடுத்துப் போங்கள். கடைசி மாதவிடாய்த் திகதியையும், குடும்பத்தில் யாருக்கு எந்த வயதில் புற்றுநோய் வந்தது என்பதையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வரிசையில் நின்று களைத்த பிறகு இவை ஞாபகத்துக்கு வராது.